ஐந்தாம் கட்டளையா, ஆறாம் கட்டளையா

2007-ல் என் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மூன்று நாள் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போனேன். கத்தோலிக்கர்களுக்குத் தெரிந்திருக்கும், அந்தச் சான்றிதழைக் கொடுக்காவிட்டால் கோவிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்க மாட்டார்கள். நாற்பது ஜோடி போல இருந்தோம். இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு பற்றிய பாடம். இயற்கை முறையையும் மாதச் சுழற்சியையும் பலகையில் அட்டவணை போட்டு விளக்கினார்கள். ஆணுறை, மாத்திரை, காப்பர்-டி என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மூன்றுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டார்கள்.

எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "ஃபாதர், வீட்டுக்காரருக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு கல்யாணத்துக்கு அப்புறம் தெரிய வந்தா, அப்பவும் ஆணுறை கூடாதுங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வகுப்பு எடுத்தவர் கொஞ்சம் தடுமாறினார். "அப்படி ஒரு நிலைமை வராம ஒழுக்கமா வாழணும்னுதாம்மா இந்த வகுப்பே நடத்துறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்தப் பெண் உட்கார்ந்தாள். அதுவரை எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள், பேனாவை மூடி வைத்துவிட்டாள். மீதி ஒன்றரை நாளும் அவள் எதையும் எழுதியதாக நான் பார்க்கவில்லை.

லாரித் தொழிலை நம்பி வாழும் பகுதி எங்களுடையது. கணவன் பதினைந்து இருபது நாள் வெளியே, இரண்டு நாள் வீட்டில் என்று வாழும் குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. அதிகமாக இருந்த இடங்களில் எங்கள் பக்கமும் ஒன்று. அவள் சும்மா கற்பனைக்காகக் கேட்கவில்லை என்பது அந்த அறையில் இருந்த பலருக்கும் புரிந்திருக்கும். எனக்குப் புரிந்தது. ஆனாலும் எழுந்து, "அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க ஃபாதர்" என்று நான் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலைத் தேடிப் போனபோதுதான் ருஸ்டன்பர்க் என்ற ஊரும், கெவின் டவ்லிங் என்ற ஆயரும் (பிஷப்) எனக்கு அறிமுகமானார்கள்.

ருஸ்டன்பர்க் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்குக்கு வடமேற்கே இருக்கிறது. உலகத்துக்குப் பிளாட்டினம் தருகிற சுரங்கப் பகுதி. ரெதம்ப்டரிஸ்ட் சபைத் துறவியான டவ்லிங் 1991-ல் அங்கே ஆயராகப் பொறுப்பேற்றார். 2020 வரை அங்கேயே இருந்தார். அவர் வந்த நேரத்தில் நிறவெறி ஆட்சி தன் கடைசிக் கட்டத்தில் இருந்தது. எச்.ஐ.வி.யோ அப்போதுதான் நாட்டுக்குள் காலூன்றிக்கொண்டிருந்தது. 1990-ல் அரசு மருத்துவமனைகளுக்கு வந்த கர்ப்பிணிகளைப் பரிசோதித்தபோது தொற்று இருந்தவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. 2000-ல் அதே கணக்கெடுப்பில் 24.5 விழுக்காடு. 2005-ல் 30.2. பத்து, பதினைந்து வருடத்தில் ஒரு நாட்டின் தாய்மார்களில் கால்வாசிப் பேரைத் தாண்டிப் போய்விட்டது நோய்.

இது ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது என்று கேட்டால், "ஒழுக்கம் கெட்டுப்போனது" என்று சட்டென்று சொல்லிவிடலாம். சொன்னவர்கள் உண்டு. ஆனால் சுரங்கத்தின் கதை தெரியாமல் அதைச் சொல்லக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வைரமும் தங்கமும் தோண்ட ஆரம்பித்ததிலிருந்தே அங்கே ஒரு ஏற்பாடு. லெசோத்தோ, மொசாம்பிக், டிரான்ஸ்கை என்று தொலைதூர ஊர்களிலிருந்து ஆண்களை மட்டும் கொண்டுவருவார்கள். விடுதியில் ஒரே அறையில் பலரைத் தங்க வைப்பார்கள். மனைவி, பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகலாம். 1913-ல் வந்த நிலச் சட்டம் கறுப்பின மக்கள் நிலம் வாங்க முடியாதபடி நாட்டின் பெரும்பகுதியை அடைத்துவிட்டது. ஊரில் விவசாயம் செய்து பிழைக்கலாம் என்ற வழியும் போனது. குடும்பத்தைப் பிய்த்து எடுத்துத்தான் அந்தத் தொழிலே நடந்தது. கிட்டத்தட்ட நூறு வருடம் இப்படி. கணவனும் மனைவியும் ஒன்றாக வாழவே சட்டம் விடாத இடத்தில், பிறகு வந்து "மணவாழ்வில் உண்மையாய் இரு" என்று போதிக்க வேண்டியிருந்தது.

நிறவெறிச் சட்டங்கள் போன பிறகு சுரங்க வாய்களைச் சுற்றித் தகரக் குடிசைகள் முளைத்தன. இம்பாலா பிளாட்டினம் சுரங்கத்துக்குப் பக்கத்தில் அப்படி முளைத்த ஒன்றுக்கு ஃப்ரீடம் பார்க் என்று பெயர். வேலை தேடியும், சுரங்கத்துக்குப் போன ஆளைத் தேடியும் பெண்கள் அங்கே வந்தார்கள். அவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. டவ்லிங் தன் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னது இந்தப் பெண்களைப் பற்றித்தான். கையில் குழந்தை, வயிற்றில் பசி, திரும்பிப் போகப் பஸ்ஸுக்குக் காசு இல்லை. சம்பளம் வாங்குகிற ஒரு ஆள் சோறும் தலைக்கு மேல் தகரமும் தருவதாகச் சொல்கிறான், பதிலுக்கு அவள் உடல். அவள் மறுத்தால் குழந்தைக்குச் சாப்பாடு இல்லை. ஆணுறை போடச் சொன்னால் அவன் அடுத்த குடிசைக்குப் போய்விடுவான், அல்லது அடிப்பான். விலைமாது என்ற வார்த்தைகூட இவர்களுக்குப் பொருந்தாது. பிழைத்துக் கிடப்பதற்காக நடந்தது அது.

தொண்ணூறுகளின் நடுவில் மறைமாவட்டம் அங்கே சின்னதாக ஒரு மருத்துவ நிலையம் தொடங்கியது. அது வளர்ந்து தபோலோகோ என்ற பெரிய பணியானது. செட்ஸ்வானா மொழியில் அந்தச் சொல்லுக்கு ஓய்வு, அமைதி என்று பொருள். செவிலியர்களோடு சேர்ந்து அந்தக் குடிசைப் பகுதிப் பெண்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து போட்டு, கஞ்சி ஊட்டினார்கள். சாகக் கிடப்பவர்களுக்கென்று ஒரு இல்லமும் வந்தது. மருந்து எட்டாத காலம் என்பதால் அந்த வேலையில் பாதி, சாவுக்குத் துணையாக உட்கார்ந்திருப்பதுதான். ஆயரும் அந்தக் குடிசைகளுக்குள் குனிந்து நுழைந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையில் இதுதான் முக்கியம். அவர் சொன்ன இறையியல் எல்லாம் அந்த உட்காரலுக்குப் பிறகு வந்தது.

அவர் சொன்னது இதுதான்: உயிர் உருவாகாமல் தடுப்பதற்காக ஆணுறையைப் பயன்படுத்துவதைத் திருச்சபை மறுக்கிறது. ஃப்ரீடம் பார்க் பெண் அதைக் கேட்பது அதற்காக இல்லையே. சாவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கடந்து போகாமல் தடுக்கத்தான் கேட்கிறாள். இரண்டையும் ஒரே செயலாகப் பார்க்க முடியுமா?

இங்கே கொஞ்சம் நின்று திருச்சபையின் போதனையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வெளியே பலர் நினைப்பதுபோல அது ஒற்றை வரித் தடை உத்தரவு இல்லை. 1968 ஜூலை 25-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட 'உமானே வித்தே' திருமடல், கணவன் மனைவி உறவில் அன்பையும் உயிர் தரும் தன்மையையும் வேண்டுமென்றே பிரிக்கக் கூடாது என்கிறது. நன்மை விளையும் என்பதற்காகத் தீமையைச் செய்யக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த பத்தியிலேயே இன்னொன்றும் இருக்கிறது. உடல்நோயைக் குணமாக்கத் தேவையான சிகிச்சை, கருத்தரிப்பையும் தடுத்துவிடும் என்று முன்கூட்டியே தெரிந்தாலும், அந்தத் தடையை நேரடியாக நாடாதவரை அதில் தவறில்லை. கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்த பெண்ணுக்கு அதை எடுத்துவிடுவதை எந்தச் சாமியாரும் பாவம் என்று சொல்ல மாட்டார். செயலின் நோக்கம் எது, பக்கவிளைவு எது என்று பிரித்துப் பார்க்கிற இந்த முறை, இறையியல் படித்தவர்களுக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காங்கோவில் கலவரம் மூண்டு, அருட்சகோதரிகளே பாலியல் வன்முறைக்கு ஆளாகும் ஆபத்து வந்தபோது, அவர்கள் முன்கூட்டியே கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி ரோமுக்குப் போனது. 1961-ல் ரோமைச் சேர்ந்த மூன்று இறையியலாளர்கள், எடுத்துக்கொள்ளலாம், அது தற்காப்பு என்று எழுதினார்கள். விரும்பாத உறவு திணிக்கப்படும்போது அந்தப் பெண்ணின் செயலை மணவாழ்வின் அளவுகோலால் அளக்க முடியாது என்பது அவர்கள் வாதத்தின் உள்ளே இருந்தது. நாற்பது வருடம் கழித்து, ஃப்ரீடம் பார்க்கில் 'சரி' என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லாத ஒரு பெண்ணுக்கு அதே நியாயத்தை நீட்ட ஏன் தயக்கம் வந்தது? துறவற உடைக்கு ஒரு நியாயம், தகரக் குடிசைக்கு ஒரு நியாயமா? இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விருப்பமில்லை.

2001 ஜூன் 1. ஜோகன்னஸ்பர்க்கில் நிகோசி ஜான்சன் என்ற சிறுவன் இறந்தான், 12 வயது. பிறக்கும்போதே எச்.ஐ.வி.யோடு பிறந்தவன். அதற்கு முந்தைய வருடம் டர்பனில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டின் தொடக்க விழாவில், தன் உடம்பைவிடப் பெரிய கோட்டு போட்டுக்கொண்டு மேடை ஏறி, கர்ப்பிணித் தாய்மார்களுக்கு மருந்து கொடுங்கள் என்று அரசிடம் கேட்டான். அப்போது அதிபராக இருந்த தாபோ இம்பெக்கி, எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி. கிருமிதானா என்றே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்தார். அந்த ஆட்சி மருந்தைத் தாமதப்படுத்தியதால் 2000 முதல் 2005 வரை 3,30,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னால் கணக்கிட்டார்கள்.

நிகோசி இறந்த அடுத்த மாதம் ஆயர்கள் கூடினார்கள். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, ஸ்வாசிலாந்து மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆயர் பேரவை. டவ்லிங் தன் கருத்தை ஏற்கெனவே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் காத்திருந்தன. ஜூலை 30-ல் 'நம்பிக்கைச் செய்தி' என்ற பெயரில் அறிக்கை வந்தது. டவ்லிங்கின் பக்கம் பெரும்பான்மை இல்லை. ஆணுறையை எங்கும் எல்லோருக்கும் கண்டபடி பரப்புவது ஒழுக்கத்துக்கு மாறான, திசைதவறிய ஆயுதம் என்றது அறிக்கை. நோய் பரவுவதற்கே அது முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருக்கலாம் என்றுகூட எழுதினார்கள். தலைப்புச் செய்தி அதுவாகத்தான் இருந்தது. டவ்லிங் தனித்துப்போனார்.

நானும் அந்த அறிக்கையைப் பற்றிச் செய்தியில்தான் முதலில் படித்தேன். பிறகு முழுவதையும் தேடிப் படித்தேன். எய்ட்ஸ் கடவுள் தரும் தண்டனை என்று ஒருபோதும் நினைக்கக் கூடாது என்று அதில் அழுத்தமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் இதற்கு நேர்மாறானதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் அந்த ஒரு வரியின் அருமை தெரியும். அதைத் தாண்டிக் கீழே வந்தால் ஒரு பத்தி. அதைப் படித்தபோது பலகையில் கோடு போட்ட அந்த மதியம் ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பத்தி சொல்வது: தம்பதியரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தால், மற்றவருக்கும் அந்தக் கொல்லும் நோய் வரும் ஆபத்து உண்மையானது. உயிருக்கு ஆபத்து வரும்போது தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்பதைத் திருச்சபை ஏற்கிறது, அதற்கேற்ற வழிகளும் அதில் அடங்கும். அவர்கள் தங்கள் மனச்சான்றுக்குச் செவிகொடுக்க வேண்டும். தொற்றிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுக்கக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. இவ்வளவு அந்தரங்கமான முடிவைக் கணவனும் மனைவியும் சமமானவர்களாக, அன்போடு சேர்ந்து எடுக்க வேண்டும்.

ஆணுறை என்ற சொல் அந்தப் பத்தியில் இல்லை. தேவையும் இல்லை. டவ்லிங் தோற்றுப்போனார் என்று எழுதியவர்கள் இந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். அது ஃப்ரீடம் பார்க் பக்கமிருந்து அடித்த காற்று. அந்த ஆயர்களில் பலரும் தங்கள் மறைமாவட்டத்தில் சனிக்கிழமைதோறும் வரிசையாக அடக்கம் செய்துகொண்டிருந்தவர்கள். கையில் மண்ணோடு எழுதியவர்களுக்குத்தான் அப்படி ஒரு பத்தி வரும்.

ஆனாலும் அந்தப் பத்திக்கு ஒரு எல்லை இருக்கிறது. அது தம்பதியருக்கு மட்டும். சமமானவர்களாகச் சேர்ந்து முடிவெடுங்கள் என்று சொல்ல முடிகிற இடத்தில் மட்டும்தான் அது பயன்படும். ஃப்ரீடம் பார்க் பெண்ணுக்குத் தாலியும் இல்லை, சமமும் இல்லை. யாருக்காக டவ்லிங் வாயைத் திறந்தாரோ அவளைப் பத்தி வெளியே விட்டுவிட்டது.

எனக்கு ஆயர்களின் பயமும் புரியாமலில்லை. உகாண்டாவில் தொண்ணூறுகளில் தொற்று குறைந்ததில், மக்கள் பல பேரோடு உறவு வைப்பதைக் குறைத்துக்கொண்டதற்கும் பெரிய பங்கு இருந்தது. அங்கே கத்தோலிக்க மருத்துவமனைகளும் இளைஞர் குழுக்களும் அதற்காக நிறைய உழைத்தன. பெட்டி பெட்டியாக ஆணுறையை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்த நிதியமைப்புகளும் இருந்தன. மனித உறவை வெறும் சுகாதாரப் பிரச்சினையாக்கிவிடாதீர்கள் என்ற எச்சரிக்கை சரியானதுதான். ஆனால் எச்சரிக்கை வேறு, பொய் வேறு. 2003-ல் வத்திக்கானின் குடும்ப விவகாரத் துறைக்குத் தலைவராக இருந்த கர்தினால் லோப்பஸ் த்ருஹியோ, ஆணுறையின் ரப்பரைத் துளைத்துக்கொண்டு கிருமி போய்விடும் என்று பி.பி.சி.யிடம் சொன்னார். அது உண்மை இல்லை. உலக சுகாதார நிறுவனம் உடனே மறுத்தது. ஒழுங்காக, ஒவ்வொரு முறையும் பயன்படுத்தும் தம்பதியரிடையே தொற்று ஏறக்குறைய 80 விழுக்காடு குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. முழுப் பாதுகாப்பு இல்லைதான். ஆனால் ஒரு கர்தினால் சொன்னதை நம்பி, இருந்த பாதுகாப்பையும் விட்டவர்கள் எத்தனை பேரோ. நம்பிக்கையாளர்களான நாம் இதற்குச் சப்பைக்கட்டு கட்டக் கூடாது.

சரி, வாதங்களை விட்டுவிட்டு வேலைக்கு வருகிறேன். 2000-ல் ஆயர் பேரவை தனியாக ஒரு எய்ட்ஸ் அலுவலகம் தொடங்கியது. தொமினிக்கன் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி அலிசன் மன்றோ அதை நீண்ட காலம் நடத்தினார். நோயாளிகளை வீட்டிலேயே கவனிப்பது, பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, சாகிறவர்களுக்கு இல்லம் என்று மூன்று நாடுகளிலும் பரவிக் கிடந்த சின்னச் சின்னப் பங்குப் பணிகளுக்கு நிதி தேடித் தந்தார்கள். 2004-ல் அமெரிக்க அரசின் எய்ட்ஸ் உதவித் திட்டமான பெப்ஃபாரின் நிதி வந்ததும், அதுவரை கஞ்சியும் ஜெபமும் கொடுத்த அதே இடங்களில் கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அரசின் சொந்த மருந்துத் திட்டமும் அந்த வருடம்தான் தட்டுத்தடுமாறித் தொடங்கியது. அதுவும் நீதிமன்றம் வரை போய் மக்கள் போராடிய பிறகு. சாவதற்கென்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள். அந்த இல்லங்களில் வேலை செய்த சகோதரிகள் இயேசு சாவிலிருந்து எழுப்பிய லாசரைப் பற்றிய நற்செய்தியை அதற்குப் பிறகு எப்படி வாசித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

இந்தப் பெண்கள் யாரும் ஆணுறை விவாதத்தில் பேர் எடுக்கவில்லை. அறிக்கைகளில் கையெழுத்தும் போடவில்லை. ஆனால் போதனைக்கும் நோயாளிக்கும் நடுவே தினமும் நின்றவர்கள் அவர்கள்தான். "கணவருக்கு இருக்கிறது, எனக்கு இல்லை, என்ன செய்ய?" என்று ஒரு பெண் கேட்டால் அவர்களால் அடுத்த கேள்விக்குப் போக முடியாது. அவள் நாளைக்கும் வருவாள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே மனச்சான்றை மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் அந்தரங்கத் திருத்தலம் என்று சொல்லிவிட்டது. அந்தத் திருத்தலத்தின் வாசல் வரை ஒருவரைக் கூட்டிப்போய்விட்டு, உள்ளே அவரைத் தனியாகப் போக விடுவதுதான் மேய்ப்புப்பணி என்றால், அதை அந்த மருத்துவ நிலையங்களின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து செய்தவர்கள் இவர்கள்.

மேலே, மிக மேலே, நகர்வு மெதுவாகத்தான் நடந்தது. 2004-ல் பெல்ஜியத்தின் கர்தினால் டானீல்ஸ், தொற்று உள்ளவர் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டால் ஆறாம் கட்டளையோடு (மோகபாவம் செய்யாதே) ஐந்தாம் கட்டளையையும் (கொலை செய்யாதே) மீறுகிறார் என்றார். 2006-ல் மிலானின் கர்தினால் மார்த்தினி, நோயுள்ள தம்பதியருக்கு அது சிறிய தீமை என்றார். 2009-ல் காமெரூனுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், ஆணுறை விநியோகத்தால் இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது, அது சிக்கலை அதிகமாக்கும் என்று சொல்ல, உலகம் கொந்தளித்தது. அடுத்த வருடமே அவரே, பாலியல் தொழில் செய்யும் ஒருவர் மற்றவருக்கு நோய் வராமலிருக்க ஆணுறை பயன்படுத்தினால், அது பொறுப்பை நோக்கிய முதல் அடியாக இருக்கலாம் என்றார். அது ஆணுக்கு மட்டுமா, பெண்ணுக்குமா என்று கேட்டபோது, இரண்டும் ஒன்றுதான் என்று திருத்தந்தை தன்னிடம் சொன்னதாக வத்திக்கான் பேச்சாளர் அருள்தந்தை லொம்பார்தி தெரிவித்தார். ஃப்ரீடம் பார்க் பெண் அந்தப் பதிலுக்குள் கொஞ்சமாவது வருகிறாள். டவ்லிங் பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

2015 நவம்பர் 30. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கி நகரிலிருந்து ரோமுக்குத் திரும்பும் விமானத்தில் திருத்தந்தை பிரான்சிஸிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். ஆணுறையும் ஒரு வழிதான், திருச்சபையின் அறநெறி இங்கே ஒரு குழப்பத்தில் நிற்கிறது என்று ஒப்புக்கொண்டார். இது ஐந்தாம் கட்டளையா, ஆறாம் கட்டளையா? பிறகு, ஓய்வுநாளில் குணப்படுத்தலாமா என்று இயேசுவிடம் கேட்டார்களே, அதைத்தான் இந்தக் கேள்வி தனக்கு நினைவுபடுத்துகிறது என்றார். பட்டினி, சுரண்டல், கொத்தடிமை, குடிநீர் இல்லாமை, இவைதான் பெரிய காயம் என்றார்.

சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் பத்துக் கட்டளைகளை ராகம் போட்டு மனப்பாடம் செய்திருக்கிறோம். "ஐந்தாவது, கொலை செய்யாதிருப்பாயாக. ஆறாவது, மோகபாவம் செய்யாதிருப்பாயாக." ஆறாவது வரும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். உபதேசியாரும் அதை விளக்காமல் ஏழாவதுக்குத் தாவிவிடுவார். பல வருடம் திருச்சபை எய்ட்ஸைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆறாவதில் மூச்சு முட்டி நின்றுவிட்டதால், அதற்கு முன்னாலேயே ஐந்தாவது இருக்கிறது என்பது மறந்துபோனது. பிரான்சிஸ் சொன்ன பட்டினியும் சுரண்டலும் அந்த ஐந்தாவதில்தான் வரும். மனைவியைக் கூட்டி வராதே என்று சொன்ன சுரங்க விடுதியும் அதில்தான் வரும். டவ்லிங் சுரங்க நிறுவனங்களைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தவர். அதை யாரும் தலைப்புச் செய்தி ஆக்கவில்லை.

2011-ல் ஒரு ஆய்வு முடிவு வந்தது. தொற்றுள்ளவருக்குச் சீக்கிரமே மருந்தைத் தொடங்கிவிட்டால் துணைக்குத் தொற்றும் வாய்ப்பு 96 விழுக்காடு குறைகிறது. மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உறவின் மூலம் தொற்றாது என்பது இன்று உறுதியாகிவிட்டது. ஆக, நோயாளி பிழைக்கட்டும் என்று சகோதரிகள் 2004-ல் கொடுக்க ஆரம்பித்த மாத்திரை, துணையையும் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. எந்த அறிக்கையும் முடித்துவைக்காத வாதத்தைப் பாதி அளவு அந்த மாத்திரை முடித்துவைத்தது. ஆனால் மாத்திரை மாதாமாதம் வர வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இன்று எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் எழுபது லட்சத்துக்கும் மேல், உலகத்திலேயே அதிகம். 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது அங்கே பல நிலையங்களின் கதவு ஒரே வாரத்தில் மூடப்பட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று ஐந்தாம் கட்டளைதான் நினைவுக்கு வந்தது.

நாங்கள் இப்போது வேறு பங்கில் இருக்கிறோம். நான்கு வருடமாக நானும் என் கணவரும் அங்கே திருமணத் தயாரிப்பு வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுகிறோம், தம்பதியர் என்ற முறையில். வரவு செலவு, மாமியார் மருமகள், கோபம் என்று வழக்கமான விஷயங்கள்தான். கடைசிப் பத்து நிமிடத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்பு இருவரும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வது பற்றிச் சொல்வேன், மருந்தைப் பற்றிச் சொல்வேன். அப்புறம் 2001-ல் ஆயர்கள் எழுதிய அந்தப் பத்தியை, நானே தமிழில் எழுதி வைத்திருக்கும் தாளிலிருந்து மெதுவாக வாசிப்பேன். பங்குத்தந்தையிடம் முதலிலேயே காட்டினேன். இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "வாசிங்கம்மா" என்றார்.

போன மாதம் வாசித்து முடித்தபோது வழக்கம்போல அறை அமைதியாக இருந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கையைப் பாதி தூக்கி, "அக்கா, அதை இன்னொரு தடவை வாசிக்கிறீங்களா, எழுதிக்கிறேன்" என்றாள்.

வாசித்தேன். அவள் எழுதி முடிக்கும்வரை, வரிக்கு வரி நிறுத்தி.